கடல் குப்பை தடுப்புக்கு சோசியல் மீடியா வாலண்டியரா சேரலாமா? நீரோடி தங்கச்சி கேட்டதுக்கு என் பதில்

முதல்ல நீங்க கேட்டத நான் எப்டி புரிஞ்சிக்கிட்டேன்னு சொல்லிடுறேன், பின்னாடி படிக்க வர்றவங்களுக்கும் உதவும். வீடு நீரோடி பக்கம் (கன்னியாகுமரி மாவட்டத்துக் கடைசி கடற்கரை ஊர், தாண்டினா கேரளா), பி.காம் கடைசி வருஷம், கடல்ல குப்பை சேராம தடுக்கிறதுக்கு வேலை செய்ற ஒரு அமைப்பு சோசியல் மீடியா வாலண்டியர் தேவைன்னு விளம்பரம் போட்டிருக்காங்க, சம்பளம் கிடையாது, வாரத்துக்கு ஆறு மணி நேரம், போஸ்டர் ரீல்ஸ் கமெண்டுக்கு பதில் எல்லாம் நீங்களே பாக்கணும், சேரலாமா, நாளைக்கு வேலை தேடும்போது இது கணக்குல வருமா. மேலோட்டமா பாத்தா இவ்ளோதான் கேள்வி. ஆனா கடைசியில ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "கடல் சுவர்க் கல்லு இடுக்குல பூரா குப்பை கெடக்கு, நான் வீட்டுல இருந்து போன்ல போஸ்ட் போட்டா அது கொறையுமா"ன்னு, நீங்க நிஜமா கேக்குறது அதத்தான்னு எனக்குப் படுது. சேரலாமா வேண்டாமாங்கிறது அதுக்கு அப்புறம்.

நான் களியக்காவிளைக்காரன். பொழியூர்ல இருந்து தேங்காப்பட்டணம் வரைக்கும், அந்தப்பக்கம் விழிஞ்ஞம் வரைக்கும், கடற்கரை ஊர்கள்ல வேலை செய்ற சின்னச் சின்ன குழுக்களுக்கு செய்தி எழுதிக் குடுக்கிறது, படம் எடுக்கிறது, வாட்சாப்புக்கு ஆடியோ ரெடி பண்றதுன்னு பத்து வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. கடல் விஞ்ஞானம் படிச்சவன் இல்ல, அதனால நீரோட்டம், மைக்ரோபிளாஸ்டிக் (பொடிப்பொடியான பிளாஸ்டிக் துணுக்கு)னு நான் பேசுற இடத்துல எல்லாம் படிச்சவங்க சொன்னதத்தான் சொல்றேன், செய்தி எப்டி போய்ச் சேருதுங்கிறது மட்டும் சொந்த அனுபவம். சுருக்கமா பதில் வேணும்னா, கொறையும், ஆனா குப்பை கையில வச்சிருக்கிற ஆளுக்கு அதை எங்க, எப்ப, யார்கிட்ட குடுக்கணும்னு தெரிய வச்சாத்தான் கொறையும். அந்தத் தகவல கொண்டு சேக்கிறதுதான் வேலை, மிச்சமெல்லாம் அலங்காரம்.

இதுக்கு நம்ம கண்ணு முன்னாடி நடந்த உதாரணம் எல்சா கப்பல். 2025 மே 25-ந் தேதி எம்எஸ்சி எல்சா 3 கொச்சிக்குத் தெக்க கடல்ல மூழ்குச்சு, உள்ள 640 கண்டெய்னர், கொஞ்சத்துல கால்சியம் கார்பைடு வேற, தண்ணி பட்டா தீப்பிடிக்கிற வாயு வரும் அதுல இருந்து. ஒண்ணு ரெண்டு நாள்லயே கண்டெய்னர் கரையேற ஆரம்பிச்சது, அதுக்குப் பின்னாடி வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் மணி, திருவனந்தபுரம் கடற்கரை பூரா, அப்புறம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் வந்தது, நீங்களும் பாத்திருப்பீங்க. அப்ப கேரள பேரிடர் மேலாண்மை ஆளுங்க விட்ட செய்திய கவனிச்சீங்களா தெரியல: கரைக்கு வந்த பொருளத் தொடாதீங்க, கிட்டப் போகாதீங்க, 200 மீட்டர் தள்ளி நில்லுங்க, 112-க்கு போன் பண்ணுங்க. கடலின் மகத்துவம், நம் வருங்கால சந்ததின்னு ஒரு வார்த்தை கெடையாது. யாரு என்ன செய்யக் கூடாது, எவ்ளோ தூரம், எந்த நம்பர், அவ்ளோதான், அது சாயங்காலத்துக்குள்ள எங்க வீட்டு குரூப்புக்கே வந்து சேந்துச்சு. போஸ்ட் எழுதப் பழகணும்னா அந்த மாதிரி எழுதப் பழகுங்க.

அதே வாரம் இன்னொரு விதமான செய்தியும் ஓடிச்சு, மீன் பூரா விஷம், ஆறு மாசத்துக்கு யாரும் வாங்காதீங்கன்னு. இங்க சந்தையில மீன்கார அக்கா ஒருத்தங்க நெத்தோலிய பாதிக்கு மேல அப்படியே மூடித் திருப்பிக் கொண்டு போனாங்க, அது கப்பல்னால வந்த நஷ்டமா ஃபார்வர்டுனால வந்த நஷ்டமா சொல்லுங்க. அந்த மணி பத்தி உறுதியா சொல்லக்கூடியது இது: அதுக்குப் பேரு நர்டில், பிளாஸ்டிக் சாமான் செய்றதுக்கான மூலப்பொருள், அஞ்சு மில்லிமீட்டருக்கும் சின்னது, மட்காது, மீனும் பறவையும் முட்டைன்னு நெனச்சு முழுங்கும், தண்ணியில கெடக்கிற வேற ரசாயனத்த மேல ஒட்ட வச்சிக்கும். மணல்ல எறங்கிட்டா பொறுக்கி எடுக்கிறது பெரும்பாடு, அலை ஏறி எறங்கின கோட்டுல சிப்பித்தூளோட கலந்து கெடக்கும், சல்லடையில சலிச்சாலும் சிப்பியும் மணியும் ஒண்ணாத்தான் நிக்கும், கைவிரலால பிரிக்கணும். மீன் வழியா அது மனுஷ உடம்புல என்ன பண்ணும்ங்கிறது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற விஷயம், முடிவா யாரும் சொல்லல. மைக்ரோபிளாஸ்டிக் பெரும்பாலும் மீனோட குடல்லதான் கெடக்கு, நாம குடல எடுத்துட்டுத்தான் பெரிய மீன சமைக்கிறோம், நெத்தோலி மாதிரி சின்ன மீனத்தான் சிலபேரு முழுசா திங்கிறாங்க. இந்த ரெண்டையும், அதாவது உறுதியானதையும் முடிவாகாததையும், ஒரே மூச்சுல கலந்து பயமுறுத்துற போஸ்ட் போடுறதுன்னா அந்த வாலண்டியர் வேலை வேண்டவே வேண்டாம்.

புள்ளிவிவரம் பத்தி இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா உங்ககிட்ட முதல் வாரமே ஒரு கட்டு ரெடிமேட் போஸ்டர் குடுப்பாங்க. "2050-ல கடல்ல மீனவிட பிளாஸ்டிக் அதிகமா இருக்கும்"னு ஒண்ணு கட்டாயம் இருக்கும், அது எல்லன் மெக்ஆர்தர் பவுண்டேஷன் 2016-ல வெளியிட்ட அறிக்கையில இருந்து வந்தது, எடைக்கணக்குல ஒரு முன்கணிப்பு, கடல்ல மொத்த மீன் எவ்ளோன்னே சரியாத் தெரியாதப்ப போட்ட கணக்குன்னு விஞ்ஞானிங்க நெறைய பேர் அதைக் கேள்வி கேட்டாச்சு. "பிளாஸ்டிக் பாட்டில் மட்க 450 வருஷம்" இன்னொண்ணு, பிளாஸ்டிக் பாட்டில் புழக்கத்துக்கு வந்தே நூறு வருஷம் ஆகல, 450 வருஷத்த யாரும் அளந்து பாத்திருக்க முடியாது, அது ஒரு உத்தேசம். "வருஷத்துக்கு 6,40,000 டன் வலை கடல்ல போகுது"ங்கிறதும் அப்படித்தான், ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பு 2009-ல போட்ட ஒரு அறிக்கையில இருந்து கெளம்பி ஊரெல்லாம் சுத்துது, அந்த எண்ணுக்கு அடியில சரியான அளவீடே இல்லைன்னு 2021-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்தாச்சு. ஆறுகள் வழியா கடலுக்குப் போற பிளாஸ்டிக்ல பெரும்பகுதிய பத்து ஆறுதான் கொண்டு வருதுன்னு 2017-ல ஒரு ஆய்வு சொன்னது, 2021-ல வந்தது என்ன சொல்லுதுன்னா 1,000-க்கு மேல ஆறு சேந்துதான் 80 சதவீதம், ஊருக்கு நடுவுல ஓடுற சின்ன ஆறுகளுக்கும் அதுல பெரிய பங்கு. நமக்கு இந்த ரெண்டாவதுதான் முக்கியம், கங்கையையும் சிந்துவையும் காட்டிட்டு குழித்துறை ஆத்தையும் நெய்யாத்தையும் விட்டுட முடியாது.

எதைத்தான் போடுறதுன்னு கேப்பீங்க. 2015-ல சயன்ஸ் பத்திரிகையில வந்த கணக்கு, 192 கடலோர நாடுகள்ல இருந்து 2010-ங்கிற ஒரு வருஷத்துல மட்டும் 48 லட்சத்துல இருந்து 1 கோடியே 27 லட்சம் டன் வரைக்கும் பிளாஸ்டிக் கடலுக்குப் போயிருக்கும்னு சொல்லுது, அதப் போடலாம், ஆனா ரெண்டு எண்ணையும் சேத்துப் போடணும், பெரிய எண்ண மட்டும் புடிச்சிக்கக் கூடாது. பசிபிக்ல குப்பைத் தீவுன்னு சொல்றாங்களே, அது நடந்து போற மாதிரி தீவு கெடையாது, 16 லட்சம் சதுர கிலோமீட்டர்ல பரவிக் கெடக்கிற துண்டுகள், 2018 ஆய்வுப்படி எடையில பாதிக்குக் கொஞ்சம் கம்மி மீன்வலை. இதெல்லாம் தெரிஞ்சு வச்சிக்கிறது கமெண்ட்ல பதில் சொல்லத்தான். உங்க ஊர்க்காரனுக்கு பசிபிக் எதுக்கு? ஒரு ஞாயித்துக்கெழம சாயங்காலம் நூறடி நீளத்துக்கு கரைய அளந்துக்கிட்டு என்னென்ன கெடக்குன்னு எண்ணிப் பாருங்க. உலக அளவுல சர்வதேச கடற்கரை சுத்தம் செய்ற நாள்ல எண்ணினதுல ரொம்ப வருஷம் சிகரெட் பில்டர்தான் முதல்ல நின்னது, 2019 கணக்குலதான் தின்பண்டக் கவர் அதை முந்திச்சு. நம்ம பக்கம் எண்ணினா பான்மசாலா கவர், ஷாம்பு சாஷே, டீ கப்பு, அந்து போன செருப்பு, மீன்பெட்டி தெர்மாகோல் பொடிஞ்சது, கயிறு, வலைத்துண்டு, இப்டி வரும். அதுல முதல் மூணு எதுவோ அது மட்டும்தான் உங்க மாசத்துக்கான விஷயம். தெர்மாகோல் அதிகம்னா நீங்க பேச வேண்டிய ஆளு ஏலக்கூடத்துல பெட்டி எறக்குறவங்க, காலேஜ் பசங்க இல்ல.

எப்ப பேசணும்ங்கிறதும் இதுல சேத்தி. இங்க பொழி, அதாவது ஆறு கடல்ல சேர்ற வாய், அடஞ்சு கெடக்கும்போது ஆத்துத் தண்ணி மணல் திட்டுக்குப் பின்னாடி தேங்கி நிக்கும், மாசக்கணக்கா மேல இருந்து வந்த சவறெல்லாம் அதுல மெதந்துக்கிட்டு இருக்கும், கரையோரமா ஓடுற ஏவிஎம் கால்வாயில விழுந்ததும் கூடச் சேரும். இடவப்பாதி (ஜூன்ல தொடங்குற தென்மேற்குப் பருவமழை) பேஞ்சு வெள்ளம் வந்ததும் பொழிய வெட்டி விடுவாங்க, இல்லன்னா தண்ணியே ஒடச்சிக்கிட்டு போகும், அத்தனையும் ஒரே நாள்ல கடல்ல. சர்வதேச கடற்கரை சுத்தம் செய்ற நாள் வர்றது செப்டம்பர் மூணாவது சனிக்கிழம, அதாவது நம்ம பக்கத்துக்குப் பெரிய மழை முடிஞ்சு, போக வேண்டியது போன பிறகு. எல்லா அமைப்பும் வருஷத்து போஸ்ட்ல பாதிய அந்த ஒரு வாரத்துல கொட்டுவாங்க, படம் நல்லா வரும். நீங்க சேந்தா ஏப்ரல் மே மாசத்துல பொழிக்குப் பின்னாடி கெடக்கிறத வாரி எடுக்க வைக்கப் பாருங்க, அந்த ஒரு வாரத்துச் செய்தி செப்டம்பர்ல போடுற எல்லாத்தையும் விட பிரயோஜனம்.

இது எல்லைப் பகுதிங்கிறதுனால இன்னொண்ணு கட்டாயம் வரும். குப்பை படம் போட்ட அடுத்த நிமிஷம் "எல்லாம் கேரளாக்காரன் கொட்டுனது"ன்னு ஒருத்தன், "பாண்டிக்காரனுக்கு சுத்தம் தெரியுமா"ன்னு (தமிழ்நாட்டுக்காரனத்தான் அப்டி சொல்றது) இன்னொருத்தன், சண்டை ஆரம்பிச்சிடும். லாரியில கொண்டு வந்து கொட்டுறது நெசம், 2024 டிசம்பர்ல திருநெல்வேலியில கொட்டின மருத்துவக் கழிவ பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு கேரளா லாரி அனுப்பி திருப்பி எடுத்துட்டுப் போனது எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி பாத்தீங்கன்னா வண்டி நம்பர், நேரம், இடம் மூணும் தெரியிற மாதிரி எடுத்து முதல்ல புகார் குடுங்க, அப்புறம் போஸ்ட். கேரளத்துல இதுக்குன்னே மாநிலம் முழுக்க ஒரே வாட்சாப் நம்பர் வச்சிருக்காங்க, அபராதம் வசூலானா சொன்னவருக்கு அதுல ஒரு பங்கும் குடுக்குறாங்க. ஆனா கடல்ல வர்ற குப்பை வேற கதை. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மேற்குக் கரையோரம் நீரோட்டம் தெக்காம வரும், அப்ப வடக்க ஆத்துல விழுந்தது நம்ம கரைக்கு வரும், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் அது திரும்பி வடக்காம போகும், அப்ப நாம போட்டது பூவாறுக்கும் விழிஞ்ஞத்துக்கும் போகும். ரெண்டு பக்கமும் சட்டம் இருக்கு, தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்து 14 வகை பிளாஸ்டிக் தடை, கேரளத்துல 2020 ஜனவரி 1, நாடு முழுக்க 2022 ஜூலை 1. நீரோட்டத்துக்கு சோதனைச் சாவடி கெடையாதுன்னு நான் ஒரு தடவ கமெண்ட்ல எழுதினேன், அதுக்கும் திட்டு வாங்கினேன், பரவால்ல.

வலை விஷயத்துல ரொம்ப கவனமா இருக்கணும், கடற்கரை ஊர்ப் பொண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா உங்க அமைப்புல சிட்டியில இருந்து வர்றவங்களுக்குத் தெரியாது. வள்ளத்துக்கு அடியில சுருட்டி வச்சிருக்கிற வலையப் படம் எடுத்து "பேய் வலை, ஆமைகளைக் கொல்லும் அரக்கன்"னு போட்டிருவாங்க. பேய் வலைன்னா கடல்ல தொலைஞ்சு போயும் உயிர்களப் புடிச்சிக்கிட்டே இருக்கிற வலை. இது அப்டி இல்ல, ஒருத்தர் பழுது பாக்க வச்சிருக்கிறது, பல ஆயிரம், சில நேரம் லட்சக்கணக்குல விலை, நாளைக்குக் கடலுக்குப் போற வலை. கடல்ல கெடந்து வந்தது பாத்தாலே தெரியும், வேற வேற கண்ணி அளவுல ரெண்டு மூணு வலை ஒண்ணா சிக்கிக் கட்டியா இருக்கும், பாசி புடிச்சு, கொட்டலசு (ஓட்டோட ஒட்டிக்கிற சின்ன கடல் உயிரி) ஒட்டி, தங்கூசி (நைலான் நூல்) நெறம் செத்துப் போயிருக்கும். எந்த மீன்காரனும் வலைய வேணும்னு தூக்கி வீசுறதில்ல. பாறையில மாட்டும், புயல்ல போகும், விசைப்படகு மேல ஏறி அறுத்துட்டுப் போகும், போனது அவருக்கும் நஷ்டம்தான். கரையில கிழிஞ்ச துண்டு கெடக்குறது மட்டும் வேற, அதை வாங்கிக்க ஒரு இடம் இருந்தா குடுத்துருவாங்க. கொல்லத்துல நீண்டகரை, சக்திகுளங்கரை பக்கம் 2017-ல சுசித்வ சாகரம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, வலையில மீனோட சேந்து வர்ற பிளாஸ்டிக்க திரும்பக் கடல்ல போடாம துறைமுகத்துக்குக் கொண்டு வர்றதுக்குப் படகுக்குப் பை குடுத்து, வந்தத வாங்கிக் கழுவி, பொடிச்சு, ரோடு போடுற தார்ல கலக்குறதுக்கு ஏற்பாடு பண்ணாங்க. அங்க செய்தி வேலை செஞ்சதுன்னா பையும் இருந்தது, வாங்க ஆளும் இருந்தாங்க, அதனாலதான். வாங்க ஆளே இல்லாத எடத்துல "கொண்டு வாருங்கள்"னு போஸ்டர் ஒட்டினா ரெண்டாவது மாசம் சிரிப்பாங்க.

யாரோட போன்ல சேரணும்னு கேட்டா, இன்ஸ்டாகிராம்ல உங்களைப் பின்தொடர்றவங்க யாரும் கல்லு இடுக்குல கவர் போடுறவங்க இல்ல, அவங்க ஏற்கனவே உங்க கட்சி. ரீல்ஸ் போட வேண்டாம்னு சொல்லல, பணம் திரட்டவும் வாலண்டியர் சேக்கவும் அது உதவும், மும்பை வெர்சோவா கடற்கரையில அஃப்ரோஸ் ஷா 2015-ல ஆரம்பிச்சது ஊர் கூடுன கதையானதுல படமும் வீடியோவும் பரவுனதுக்குப் பங்கு உண்டு. ஆனா நம்ம ஊருக்குள்ள குப்பை கொறையணும்னா அன்பிய குரூப்பு (கோயில் பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ற சின்னக் குழு), வள்ளக்காரங்க குரூப்பு, குடும்பஸ்ரீ (கேரளத்துப் பெண்கள் குழு) குரூப்பு, மகளிர் சுய உதவிக் குழு, இதுலதான் போகணும், அதுலயும் போஸ்டர விட வாய்ஸ் நோட்டு. எல்லை ஊர்ல சிலருக்கு மலையாளம் பேச வரும் படிக்க வராது, சிலருக்குத் தமிழ் அப்டி, ஒரு நிமிஷ ஆடியோன்னா ரெண்டு பேருக்கும் ஓடும். பேசுறது நீங்களா இருக்கக் கூடாது. குரூப்புல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு அக்கா, ஒரு வள்ளத்து உடமஸ்தர், இல்ல உபதேசியார் (கோயில்ல மறைக்கல்வி சொல்லிக் குடுக்கிறவர்), அவங்க குரல்ல "செவ்வாக்கெழம காலையில ஏழரைக்கு குருசடி முன்னாடி வண்டி வரும், கவர காய வச்சு சாக்குல கட்டி வைங்க"ன்னு வந்தா அது செய்தி (குருசடின்னா சிலுவை வச்ச சின்னக் கோயில்). தூத்தூர் பக்கத்து ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனா வாரக்கணக்குல ஆளே ஊர்ல இருக்க மாட்டாங்க, வீட்டுக் குப்பைய முடிவு பண்றது பொம்பளைங்கதான், அதையும் கணக்குல வச்சிக்கோங்க.

எழுதுற தொனி பத்தி ஒரு ஆய்வு சொல்றேன், இது என் அபிப்பிராயத்த விட கனமானது. அமெரிக்காவுல அரிசோனாவுல கல்லாப் போன மரத்துண்டு கெடக்கிற ஒரு தேசியப் பூங்கா, ஜனங்க துண்டத் திருடிட்டுப் போறாங்கன்னு ராபர்ட் சியால்டினிங்கிற உளவியல்காரர் குழு ரெண்டு விதமா போர்டு வச்சுப் பாத்தாங்க. "இதுவரைக்கும் வந்தவங்க நெறைய பேர் எடுத்துட்டுப் போயிட்டாங்க, காடே மாறிப் போச்சு"ன்னு வருத்தமா எழுதின போர்டு இருந்த எடத்துல கிட்டத்தட்ட 8 சதவீதம் துண்டு களவு போச்சு, "தயவு செஞ்சு எடுக்காதீங்க"ன்னு மட்டும் இருந்த எடத்துல 2 சதவீதம் கூட இல்ல. ஊரே செய்யுதுன்னு சொன்னா, சரி அப்ப நானும் செய்யலாம்னு மனசு எடுத்துக்குது. குப்பை மேட்டப் படம் போட்டு "நம்மாளுங்க திருந்தவே மாட்டாங்க"ன்னு தலைப்பு குடுக்கிறது நமக்கு ஆத்திரம் தீரும், வேற ஒண்ணும் ஆகாது. பத்து வீட்டுல நாலு வீடு சாக்குல கட்டி வெளிய வச்சிருந்தா அந்த நாலு வீட்டு வாசலப் படம் எடுங்க. ஆனா இதையும் அளவோட சொல்றேன், தெரிஞ்சுக்கிட்டதுனால மட்டும் ஆளுங்க பழக்கத்த மாத்திக்கிறது கொறச்சல்னுதான் ஆராய்ச்சி திரும்பத் திரும்ப சொல்லுது, வண்டி ஒழுங்கா வராத தெருவுல எந்தத் தொனியும் எடுபடாது.

அதனால அமைப்புகிட்ட சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி, உங்க பேஜுக்கு எத்தன பேருன்னு இல்ல, நீங்க பொறுக்குன குப்பை எங்க போகுதுன்னு. நான் ஒரு அமைப்போட சுத்தப்படுத்துற நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன், பேரு வேண்டாம், பேனரு தொப்பி டிஷர்ட் எல்லாம் ஜோர், மூட்டைகள அடுக்கி வச்சு குரூப் போட்டோ எடுத்தாங்க, வண்டிக்கு யாரும் சொல்லி வைக்கல. மறுநாள் போய்ப் பாத்தா நாய் மூட்டையக் கிழிச்சுப் போட்டிருக்கு, காத்துல பாதி திரும்ப தண்ணிக்குப் போயாச்சு. அந்த பேனரே நூறு மைக்ரானுக்குக் கீழ உள்ள பிளாஸ்டிக், அதுவும் 2022 தடையில இருக்கிற சாமான். வண்டிக்கு முன்கூட்டியே போன் பண்ணி உறுதி பண்றது, மூட்டை போற எடத்துக்குக் கூடவே போய் ஒரு படம் எடுக்கிறது, இதுவும் கம்யூனிகேஷன் வாலண்டியரோட வேலைதான்னு நான் நெனைக்கிறேன், விளம்பரத்துல இருக்காது.

அடுத்து உங்க பக்கத்து விஷயம். வாரம் ஆறு மணி நேரம்னா எழுத்துல வாங்குங்க, கமெண்ட் பதில் சொல்றத சேத்தா அது சத்தமில்லாம பதினஞ்சாகும். போஸ்டர் டிசைன் ஆப்புக்கு காசு, பஸ் காசு, டேட்டா யாரு குடுப்பாங்கன்னு கேளுங்க. வாலண்டியரா சேர பதிவுக் கட்டணம் கேட்டா அந்தப் பக்கமே போக வேண்டாம். பேஜ உங்க சொந்த ஐடியில இருந்து நடத்தச் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, சண்டை வந்தா போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போறது ஐடிக்காரங்க பேருதான். உங்க மூஞ்சி, போன் நம்பர், வீடு இருக்கிற தெரு எதுவும் பேஜ்ல வரக் கூடாது, பொண்ணுங்க நடத்துற பேஜுக்கு வர்ற மெசேஜ் எப்டி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, அசிங்கமா வர்ற கமெண்ட யாரு பாத்து பிளாக் பண்றதுன்னு முன்னாடியே பேசி வைங்க. சின்னப் பிள்ளைங்க படம்னா வீட்டுல கேக்காம போடாதீங்க, மீன்காரர்கள குப்பையோட சேத்து முகம் தெரியப் போடவே போடாதீங்க.

வீடியோ எடுக்க தனியா கடல் சுவர் மேல ஏறாதீங்க, இத கெஞ்சிக் கேக்குறேன். 2024 மே 6-ந் தேதி ராஜாக்கமங்கலம் பக்கம் லெமூர் கடற்கரையில அஞ்சு பயிற்சி டாக்டருங்க செத்துப் போனது கள்ளக்கடல்னால, அதாவது சொல்லாமக் கொள்ளாம ஏறுற பெரிய அலையால, வானம் தெளிவாத்தான் இருந்தது. எங்கயோ தெக்க நடுக்கடல்ல அடிச்ச காத்துக்கு இங்க அலை ஏறும், ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் மையம்) அதுக்கு முன்னெச்சரிக்கை விடுறாங்க, அன்னிக்கும் எச்சரிக்கை இருந்தது, அப்டியும் அஞ்சு உயிர் போச்சு. எச்சரிக்கை வர்ற நாள்ல குப்பை போஸ்ட நிறுத்திட்டு அத மட்டும் எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க, குப்பைக்காக நீங்க உருவாக்கின அதே குரூப்புதான் அன்னிக்கு உதவும்.

வேலைக்கு உதவுமான்னு கேட்டீங்க. சர்டிபிகேட்டுக்கு இன்டர்வியூல பெரிய மதிப்பு இருக்கிறதா நான் பாக்கல. நீங்க எழுதின ஆடியோ ஸ்கிரிப்ட், போட்ட போஸ்ட், அதுக்கு அப்புறம் குருசடி முன்னாடி எத்தன சாக்கு சேந்ததுங்கிற கணக்கு, இத மாசாமாசம் ஒரு போல்டர்ல போட்டு வச்சீங்கன்னா அதக் காட்டிப் பேசலாம், துணிக்கடை விளம்பரமா இருந்தாலும் ஆஸ்பத்திரி அறிவிப்பா இருந்தாலும் இதே வேலைதானே. ரெண்டு பாஷையிலயும் பேச வர்றது இந்தப் பக்கத்துல பெரிய பலம், தயங்காம சொல்லிக்கோங்க. பி.காம் படிக்கிறீங்க, கணக்கு வைக்கத் தெரியும், பெரும்பாலான அமைப்புல அந்த சாக்குக் கணக்கத்தான் யாரும் வைக்கிறதில்ல, அத நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா உங்களை விட மாட்டாங்க.

ஏப்ரல்ல பரீட்சை இருக்கும்னு நெனைக்கிறேன், அதனால மூணு மாசத்துக்கு மட்டும் ஒத்துக்கோங்க, வாரம் மூணு மணி நேரம் போதும்னு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் சரிம்பாங்க. குப்பை எங்க போகுது, செலவு யாரு குடுப்பாங்க, பேஜ் யாரு ஐடியில இருக்கு, இந்த மூணுக்கும் அவங்க என்ன சொன்னாங்கன்னு பேரை மறைச்சிட்டு இங்கயே கீழ போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.